தண்ணீரில் நின்ற பேனா

அந்தத் தெருவில் பல்லுக்காரர் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். வீட்டின் முன் அறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, அதன்மேல் மெழுகு உருக்கும் விளக்கு, மெருகு போடும் மோட்டார். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகளில் வெள்ளைவெளேரென்று பிளாஸ்டர் தாடைகள். புதிதாக வருகிறவர்கள் அவற்றைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சை மறப்பார்கள். தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது. "எங்க மாமனார் வாய் எந்தத் தட்டுல இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. ஊற்றிய பிளாஸ்டர் காயாமல் சதசதவென்று கிடந்தது. மூன்று வாரமாகக் கஞ்சியில் உயிர் வாழும் ஒரு மனிதருக்காக மேல் தாடையில் பற்களை மெழுகில் நிறுத்திக்கொண்டிருந்தார் பல்லுக்காரர். காலை பத்து மணி இருக்கும். குடையை மடக்காமலே, செருப்பைக் கழற்றாமலே, மகள் உள்ளே வந்து நின்றாள்.

கல்யாணமாகி ஏழு மாதம். வேலை நாளில் காலை பத்து மணிக்கு அவள் வரக் காரணம் எதுவும் இல்லை.

"என்னம்மா, ஆபீஸ் இல்லையா?"

"லீவு போட்டுட்டேன்."

"மாப்பிள்ளை?"

"வேலைக்குப் போயிட்டார். அப்பா, நான் இங்க வந்தது யாருக்கும் தெரியாது."

சமையலறையிலிருந்து அவள் அம்மா கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

"என்னடி, சண்டையா? கை நீட்டினாரா?"

"சும்மா இரும்மா. அவர் ஒன்னும் பண்ணல. நான்தான் ஒன்னு பண்ணிட்டேன்."

கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைச் சுருளை எடுத்து மேசையில் பிரித்தாள். பச்சையும் கறுப்பும் அலையலையாக ஓடும் ஒரு பழைய பேனா. பல்லுக்காரருக்கு அது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அவர் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். கடைசியில் இது நம் கைக்கு வந்துவிட்டது என்ற அற்ப சந்தோஷம். அரை நிமிடம் கழித்துத்தான் பேனா இருக்கும் கோலம் கண்ணில் பட்டது.

அவருக்குப் பேனா பைத்தியம். எல்லாப் பேனாவும் இல்லை. அழகெழுத்து எழுதுவதற்கென்றே செய்த, முனை தட்டையாக வெட்டிய பட்டை நிப் பேனாக்கள். கீழே இழுத்தால் கோடு தடிக்கும், பக்கவாட்டில் இழுத்தால் மெலியும். அப்படி நாற்பத்தொரு பேனா வைத்திருந்தார். எல்லாம் அவரைவிட வயதில் மூத்தவை. பற்களை நிறவாரியாகப் பிரித்து வைக்கும் சின்னச் சின்ன அறைகள் கொண்ட பெட்டி ஒன்று உண்டு. அதிலிருந்த பற்களையெல்லாம் டப்பாவில் கொட்டிவிட்டுப் பேனாக்களைக் குடிவைத்திருந்தார். இத்தனைக்கும் அவர் கையெழுத்து டாக்டர்கள் கையெழுத்தைவிட மோசம். எழுதத் தெரியாதவனுக்கு எதற்கு இத்தனை பேனா என்று அவர் மனைவி கேட்காத நாள் இல்லை.

மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன அன்று சம்பந்தியின் சட்டைப் பையில்தான் இந்தப் பேனாவை முதலில் பார்த்தார். சம்பந்தி வரைபட ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வரைபடத்தில் ஆற்றுக்கும் ஊருக்கும் மலைக்கும் கையால் பெயர் எழுதியவர். மாப்பிள்ளைப் பையன் என்ன படித்தான் என்று கேட்க வேண்டிய இடத்தில், "அந்தப் பேனாவைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று பல்லுக்காரர் கேட்டுவிட்டார். மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள். சம்பந்தியம்மாதான் கணவரின் பையிலிருந்து பேனாவை உருவிக் கதை சொன்னாள்.

"இது நான் இவருக்கு வாங்கிக் குடுத்தது. பையனுக்கு அப்ப எட்டு மாசம். தவழ்ந்து போய் எடுத்து நறுக்குனு கடிச்சு வெச்சுட்டான். இதோ, இந்த வால்ல பாருங்க. என் புள்ளையோட மொத பல்லுத் தடம்."

சொல்லிக்கொண்டே அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். தடவிவிட்டுப் பேனாவைக் கணவர் பையிலேயே சொருகிவிட்டாள். நீட்டிய கையைப் பல்லுக்காரர் தலையைச் சொறிவதுபோல் திருப்பிக்கொண்டார்.

இப்போது அந்தப் பேனாவின் உடம்பு நடுவில் உப்பியிருந்தது. மேல்பரப்பு முழுக்கக் கீறல். மூடி மரையில் ஏறவே இல்லை. விரலால் லேசாக அழுத்தினார். அமுங்கியது.

"என்ன பண்ணினே?"

"கழுவினேன்."

"எப்படி?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்பா. டம்ளர்ல பச்சத்தண்ணி ஊத்தி, நிப்பு கீழ இருக்கிற மாதிரி, ராத்திரி முழுக்க நிக்க வெச்சேன். மாமாவும் அத்தையும் அத்தையோட தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. போறதுக்கு முன்னாடி மாமா, நிப்பு வறண்டு வறண்டு வருதுன்னு சொல்லி இதை மேசையிலயே வெச்சுட்டார். வர்றதுக்குள்ள கழுவி வெச்சா சந்தோஷப்படுவார்னு நெனச்சேன். நம்ம வீட்ல நாப்பது பேனா, அத்தனையும் நான்தான் கழுவுவேன்னு அங்க பெருமை வேற அடிச்சிருக்கேன்."

பல்லுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். மெழுகு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"இது பால்ல செஞ்சதும்மா."

"என்னது?"

"பாலைத் திரிச்சு, அந்தக் கட்டியை அழுத்திக் காயவெச்சு, மருந்துல ஊறப்போட்டுக் கெட்டியாக்கி, அதுல கடைஞ்ச பேனா. ஒரு காலத்துல அப்படிச் செஞ்சாங்க. இந்த மாதிரி நிறம் வேற எதுலயும் வராது. ஆனா தண்ணி ஆகாது. மைகூட உள்ள ஒரு ரப்பர் பைக்குள்ளதான் நிக்கும், உடம்பைத் தொடாது."

"பால்ல யாராவது பேனா செய்வாங்களா?" என்றாள் அம்மா. நாற்பத்தொரு பேனாவையும் விடப் பெரிய பைத்தியக்காரத்தனத்தைக் கேட்ட முகம் அவளுக்கு.

"எனக்கு ஏன்பா இதச் சொல்லல?" மகள் குரல் உடைந்தது. "எபனைட் பேனா எது, செல்லுலாய்ட் எது, எல்லாம் சொல்லிக் குடுத்தீங்களே."

அவரிடம் பதில் இருந்தது. இதே பேனாவின் இரட்டை ஒன்று அவர் பெட்டியில், ஏழாவது அறையில், பஞ்சுக்குள் படுத்திருந்தது. பதினோரு வருஷம் தேடிப் பிடித்தது. அதற்கு அவர் மை காட்டியதே இல்லை. மை காட்டாத பேனாவைக் கழுவ வேண்டியதில்லை. கழுவ வேண்டாததைப் பற்றி மகளுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் வரவே இல்லை. பொத்திப் பொத்தி வைத்ததற்கு இன்று மகள் தண்டனை அனுபவிக்கிறாள்.

"எப்ப வர்றாங்க?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"பேனாதானே? போனாப் போகுதுன்னு விட்டுடுவாங்க," என்றாள் அம்மா, தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"உனக்குத் தெரியாதும்மா. போன மாசம் அத்தையோட கம்பளிச் சட்டையை வெந்நீர்ல போட்டுச் சுருக்கிட்டேன். அதுக்கு முந்தி அடுப்பைப் பிரிச்சுத் துடைக்கிறேன்னு ஒரு திருகாணியைத் தொலைச்சேன். அத்தை திட்டல. 'எல்லாம் தெரிஞ்ச பொண்ணு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவ்வளவுதான். இப்ப இது. இனிமே அந்த வீட்ல நான் ஒரு சாமானைத் தொட்டாலும் எல்லாரும் என் கையையே பாப்பாங்க. காலம் பூரா."

அம்மா கரண்டியை மோட்டார் மேலேயே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பல்லுக்காரர் வேலையில் இறங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான். நிப்பையும் கறுப்புக் கழுத்தையும் கழற்றினார். அவை எபனைட் என்கிற கெட்டி ரப்பரும் தங்கமும், ஒன்றும் ஆகவில்லை. மூடி தண்ணீரில் படவே இல்லை. உடம்பை மட்டும் மை ஒற்றும் தாளில் சுற்றி, விளக்குக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். பக்கத்தில் வைத்தால் வெடித்துவிடும், தள்ளி வைத்தால் இந்த மழை ஈரத்தில் காயாது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தாளைப் பிரித்துப் பார்ப்பதும் திரும்பச் சுற்றுவதுமாக நேரம் போனது. மதியம் மூன்று பேரும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி மனிதரின் டாக்டர் இரண்டு முறை போன் செய்தார். "நாளைக்குக் கண்டிப்பா," என்று சொல்லிவிட்டு எந்த நாளைக்கு என்று பல்லுக்காரர் யோசிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு உடம்பு சுருங்கியது. ஆனால் கோணிக்கொண்டு சுருங்கியது. கீறல்கள் ஆழமாயின. மரை இருந்த இடத்தில் ஒரு சில் பெயர்ந்து கையோடு வந்தது. வால் பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றதால் பளபளப்புக் குறையாமல் இருந்தது. அதில் அந்தத் தடம்.

"வாலை மட்டும் அறுத்து வேற உடம்புல ஒட்ட முடியாதா?" என்று மகள் கேட்டாள்.

"ஒட்டின இடம் தெரியும். தடவிப் பாக்கிறவங்களுக்கு விரல்லயே தெரியும்."

அவர் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட இதே மாதிரி ஒன்னு இருக்கில்ல?"

அவர் அந்த வார்த்தைக்காகக் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். தானாகச் சொல்லியிருக்க வேண்டும். மனைவி சொல்லும்வரை காத்திருந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஏழாவது அறையைத் திறந்து, பஞ்சை விலக்கி, பேனாவை எடுத்து வந்தார்.

"வேண்டாம்பா. நீங்க பதினோரு வருஷம்..."

"பேசாம இரு."

கழற்றினார். தன் பேனாவின் உடம்பில் சம்பந்தியின் கழுத்தையும் நிப்பையும் பொருத்தினார். சம்பந்தியின் மூடியைத் திருகினார். மூன்று சுற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. உடம்பு கொஞ்சம் பளிச்சென்று இருந்ததே தவிர, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. அவர் தட்டில் உடம்பில்லாத ஒரு மூடியும் கழுத்தும் நிப்பும் மட்டும் மிஞ்சிக் கிடந்தன.

"தடம்?" என்றாள் மகள்.

"அதென்ன பெரிய விஷயம்? பல்லுத் தடம் போட உங்கப்பாவுக்கு யாராவது சொல்லித் தரணுமா? சுவர் பூரா வாயா வெச்சிருக்கார்," என்றாள் அம்மா. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

பல்லுக்காரர் பழைய உடம்பை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அதே மாதிரி போட வேண்டுமானால் முதலில் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி. உருட்டினார். திரும்ப உருட்டினார்.

முப்பது வருஷமாகப் பற்களோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். பால் பல் எப்படிக் கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். லேசாக வளைந்து விழும், அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். இந்தக் குழிகள் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் மிக மெல்லிய குறுக்குக் கோடுகள், கட்டம் கட்டமாக. அவர் மேசையிலேயே அப்படி வாய்கொண்ட சாமான் ஒன்று கிடந்தது. கம்பி முறுக்கும் குறடு.

எந்தக் குழந்தையும் இதைக் கடிக்கவில்லை. யாரோ குறட்டால் கடிக்க வைத்திருக்கிறார்கள்.

லென்ஸைக் கழற்றி வைத்தார். திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, போட முடியுமா?"

"போட மாட்டேன்."

"ஏன்?"

"பொய்ப் பல்லு செஞ்சு குடுப்பேன். கேக்கிறவங்க தெரிஞ்சு கேக்கிறாங்க. இது வேற. நாளைக்கு நானும் வர்றேன். உள்ளதைச் சொல்லி, இதைக் குடுத்துட்டு வருவோம்."

"பொண்ணு வாழ்க்கையை வெச்சு நியாயம் பேசுறீங்களா?" மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷம் இந்தப் பேனாவைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. ஒரு நாளாவது அது நமக்கு உதவட்டுமே."

பார்த்ததைச் சொன்னால் அது வேறொரு வீட்டின் அந்தரங்கம். சொல்லாவிட்டால் தான் கல்நெஞ்சக்காரன். கல்நெஞ்சக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மெழுகு விளக்கைத் தூண்டிவிட்டு, கஞ்சி மனிதரின் கடைவாய்ப் பல்லைக் கையில் எடுத்தார். அது இரண்டு முறை கீழே விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் மழை தூறலாகக் குறைந்திருந்தது. மகளும் அவருமாகப் போனபோது சம்பந்தி வீட்டில் பெட்டிகள் இன்னும் கூடத்திலேயே இருந்தன. சம்பந்தியம்மா ஈரத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வரவேற்றாள்.

"வாங்க, வாங்க. நாங்க வந்து காலை வைக்கல, நீங்க வந்துட்டீங்க. பஸ்ஸா அது, ஒழுகுற பாத்திரம். எங்க தங்கச்சி வேற பேச ஆரம்பிச்சா விடமாட்டா. எனக்கு மேல பேசுவா, பாத்துக்குங்களேன். இருங்க, டீ போடுறேன்."

மகள் கைப்பையை விடாமல் பிடித்திருந்தாள்.

"சம்பந்தி, உங்க வரைபட மேசையைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை," என்றார் பல்லுக்காரர்.

சம்பந்தி பேச்சுக் குறைந்த மனிதர். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினார். சாய்வு மேசை, அளவுகோல்கள், சுவரில் பெயர் எழுதாத ஒரு பழைய வரைபடம். மகள் அறைக்குள் போன வேகத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தண்ணீர், டம்ளர், ராத்திரி, லீவு போட்டது, அப்பாவிடம் ஓடியது, எதையும் விடவில்லை.

"என்னை என்ன வேணா சொல்லுங்க மாமா. அத்தைகிட்டயும் நானே சொல்றேன். இப்பவே போய்ச் சொல்றேன்."

சம்பந்தி கோணிப்போன உடம்பைக் கையில் வாங்கினார். வாலைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பல்லுக்காரர் காத்திருந்தார். வந்தது கோபம் இல்லை, கலவரம். அவர் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

"அவகிட்ட இன்னும் சொல்லலையே?"

"இல்ல மாமா."

"சொல்லாதே."

"மாமா?"

"நீ நல்லதுக்குத்தான் பண்ணினே. எனக்குப் புரியுது. ஆனா இதை அவ காதுல போடாதே. கீழ போய் டீ போட ஒத்தாசை பண்ணு. போம்மா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் இறங்கிப் போனாள். சம்பந்தி கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பல்லுக்காரர் நீட்டிய, உடம்பு மாற்றிய பேனாவை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, நிப்பை மைக்கூட்டில் தோய்த்து, ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு இழுத்தார். கோடு தடித்தும் மெலிந்தும் தடையில்லாமல் வந்தது.

"இந்த உடம்பு உங்களோடதா? மையே தொட்டதில்லை போலிருக்கே."

"இனிமே தொடட்டும்."

சம்பந்தி பேனாவை மூடினார். வெறும் வாலைக் கட்டைவிரலால் தடவினார்.

"நீங்க பல்லு வேலை பாக்கிறவர். பழைய தடத்தைப் பாத்திருப்பீங்க."

"பாத்தேன்."

"லென்ஸ் வெச்சா?"

"லென்ஸ் வெச்சுத்தான்."

சம்பந்தி முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ வாங்கிக் குடுத்த பேனாவை நான் தொலைச்சுட்டேன் சம்பந்தி. பையன் கடிச்ச மூணாவது மாசமே. ஆத்தை அளக்கிறவங்களோட போயிருந்தேன், படகுலேருந்து குனிஞ்சேன், பையிலேருந்து தண்ணில விழுந்துடுச்சு. அவ அப்ப ரெண்டாவது கொழந்தையை வயித்துலயே பறிகொடுத்துட்டுப் படுத்துக் கிடந்தா. தினம் அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கித் தடவிப் பாப்பா. என்னன்னு சொல்ல? 'ஆபீஸ்ல வெச்சிருக்கேன்'னு பத்து நாள் ஓட்டினேன். அலைஞ்சு திரிஞ்சு இதைப் பிடிச்சேன். தடத்துக்கு எங்க போவேன்? குளியலறைக் கதவைத் தாப்பாள் போட்டுக்கிட்டு, குறட்டை வெச்சு..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"கையில குடுத்தேன். தடவிப் பாத்தா. சிரிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா."

நேற்று மனைவியிடம் வாங்கிய பேச்சு பல்லுக்காரருக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றியது. கீழே கரண்டி சத்தமும் சம்பந்தியம்மாவின் பேச்சும் கேட்டன. இடையிடையே மகளின் குரல், பயந்த குரல்.

"போட முடியுமா உங்களால?" என்றார் சம்பந்தி.

"முடியும். வாலை மட்டும் ஈரத்துணியில சுத்திக் கொஞ்ச நேரம் வெச்சா இளகும். அப்புறம் அழுத்தினா விழும்." சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கினார். "ஒன்னு கேக்கணும். நெஜப் பல்லு மாதிரி போடவா? இல்ல, இது மாதிரியே போடவா?"

சம்பந்தி பழைய உடம்பை ஜன்னல் பக்கம் திருப்பி, நேராக விழுந்திருந்த அந்த நாலு குழிகளையும் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா அவ விரல் இதத்தானே தடவிட்டிருக்கு. இது மாதிரியே போடுங்க."

மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, வரைபடச் சுருள்களுக்கு அடியில் கையைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்னக் குறட்டை எடுத்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். பல்லுக்காரர் கைக்குட்டையைக் கூஜாத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வாலில் சுற்றினார். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டீ ஆறுது. ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?" சம்பந்தியம்மாவின் குரல் படியடியிலிருந்து வந்தது.

"அத்தை, நீங்க உக்காருங்க. நான் போய்க் கூப்பிடுறேன்," என்றாள் மகள் அவசரமாக.

"நல்ல பொண்ணு. என் முட்டி இந்தப் படியில ஏறவே மாட்டேங்குது."

"இதோ வர்றோம்," என்று சம்பந்தி குரல் கொடுத்தார். குறட்டின் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பல்லுக்காரர் ஈரத்துணியைப் பிரித்து, வாலை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்து குறட்டை வாங்கிக்கொண்டார்.

"குடுங்க. இது என் வேலை."